முன்கூட்டித் தாக்குவது தற்காப்பு ஆகுமா?

"அமெரிக்காவில் புஷ் அரசின் 2002 தேசியப் பாதுகாப்பு உத்தி வருமுன் காப்பதைத்தானே சொன்னது, அதில் என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வருமுன் காப்பதில் தப்பில்லை. வருவது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

எல்லையில் எதிரிப் படை நிற்கிறது, விடிந்தால் அடிப்பான் என்று தெரிந்து ராத்திரியே நாம் அடிப்பது ஒரு வகை. ஆங்கிலத்தில் ப்ரீஎம்ப்டிவ் என்பார்கள். பத்து வருடத்தில் பலசாலியாகிவிடுவான், முளையிலேயே கிள்ளுவோம் என்பது ப்ரிவென்டிவ். முதலாவதைச் சட்ட வல்லுநர்கள் பலர் ஏற்கிறார்கள். இரண்டாவதற்கு ஆதரவு மிகக் குறைவு. (ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு. அதை எழுத்துக்கு எழுத்து படிப்பவர்கள் முதலாவதற்கே தலையாட்ட மாட்டார்கள்.)

இந்த அளவுகோல் பிறந்த கதை சுவாரசியமானது. 1837 டிசம்பரில், கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கலகக்காரர்களுக்கு ஆளும் பொருளும் ஏற்றிக்கொண்டிருந்தது 'கரோலைன்' என்ற நீராவிக் கப்பல். பிரிட்டிஷ் தரப்பினர் இரவோடு இரவாக நயாகரா ஆற்றைக் கடந்து, அமெரிக்கக் கரையில் நின்ற அந்தக் கப்பலைக் கொளுத்தி ஆற்றோடு விட்டுவிட்டார்கள். கேட்டால் தற்காப்பு என்றார்கள். அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் 1841இல் பிடித்துக்கொண்டார்: ஆபத்து அந்த நொடியில் இருந்ததா, வேறு வழி இல்லையா, யோசிக்க நேரமே இல்லையா, அதைக் காட்டுங்கள் என்று கடிதம் எழுதினார். இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். அடி வாங்கிய பக்கம் நின்று அமெரிக்காவே செய்த அளவுகோல் அது.

அதே அமெரிக்கா 2002 செப்டம்பரில் அதை இழுத்து நீட்டியது. எதிரி எப்போது, எங்கே தாக்குவான் என்று தெளிவில்லாவிட்டாலும் முந்திக்கொள்ளலாம் என்றது அந்த உத்தி ஆவணம். செப்டம்பர் 11க்குப் பிறகு அந்தப் பயம் புரிகிறது. தற்கொலைப் படையாள் எல்லையில் அணிவகுத்து நிற்கப்போவதில்லை. ஆனால் ஆவணம் பெயரை மாற்றவில்லை. ப்ரீஎம்ப்டிவ் என்ற நல்ல பெயரிலேயே ப்ரிவென்டிவை உள்ளே விட்டது. எனக்கு உறுத்துவது அதுதான்.

அப்புறம் இராக். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில், இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று வாதாடி, ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டிய காட்சியை நான் டிவியில் பார்த்தேன். அன்றைக்கு நம்பியும் விட்டேன். மார்ச் 7 அன்று, இராக்கில் ஆயுதங்களைத் தேடிய ஐ.நா. ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், மீதி வேலைக்கு வருடங்கள் வேண்டாம், வாரங்களும் போதாது, மாதங்கள் தேவை என்றார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, குண்டு விழத் தொடங்கியது. யோசிக்க நேரமில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று 2004இல் அமெரிக்காவின் சொந்தக் குழுவே அறிக்கை கொடுத்தது.

2006இல் அடுத்த உத்தி ஆவணம் வந்தது. முன்கூட்டித் தாக்குவதற்கான இடம் அப்படியே இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள்.