ஸ்பெயினின் மலைக் கிராமங்களில் சின்ன விருந்தினர் இல்லத்தில் தங்குவது எப்படி இருக்கும்? நகரத்தில் தங்கி ஒரு நாள் போய்வந்தால் போதாதா?

போதாது. கிராமத்திலேயே தங்குங்கள். அதுவும் உரிமையாளர் அதே வீட்டிலோ பக்கத்திலோ குடியிருக்கும் இடமாகப் பார்த்து, ஒரே ஊரில் மூன்று இரவாவது இருங்கள். ஊர் ஊராகத் தாவினால் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எனக்கு நன்றாகப் பழக்கமான பகுதி கிரனாடா மாகாணத்தில் உள்ள அல்புஹாரா, அதாவது சியரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவு. அதில் போக்கெய்ரா என்ற பள்ளத்தாக்கில் பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்று மூன்று வெள்ளை ஊர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே இருக்கும் பம்பனெய்ரா ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல், உச்சியில் இருக்கும் கபிலெய்ரா 1,436 மீட்டர். கிரனாடா பேருந்து நிலையத்திலிருந்து நேரடி பஸ் உண்டு. லன்ஹரோன், ஓர்ஹிவா வழியாக வளைந்து வளைந்து ஏறி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் பயணமாக வருபவர்கள் நண்பகலில் வந்து, சாப்பிட்டு, ஒரு கம்பளம் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். அவர்கள் போன பிறகுதான் ஊர்க்காரர்கள் வெளியே வருவார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள், ரொட்டிக் கடைப் பெண்மணி பக்கத்து வீட்டுப் பாட்டியோடு அரை மணி நேரம் பேசுவார், குழாயடியில் சிறுவர்கள் தண்ணீர் பிடித்து விளையாடுவார்கள். தங்குபவர்களுக்கு மட்டும் கிடைக்கும் நேரம் அது.

இந்த விருந்தினர் இல்லங்களை அங்கே காசா ருரால் என்பார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முழு வீட்டையும் சாவியோடு கொடுத்துவிடுவது: அடுப்பு, பாத்திரம், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கும், உரிமையாளரைச் சாவி வாங்கும்போது பார்ப்பதோடு சரி. இன்னொன்று, அறை அறையாக வாடகைக்கு விடுவது: வீட்டுக்காரர் இருப்பார், காலை உணவு தருவார். நான்கைந்து பேர் சேர்ந்து போனால் முதல் வகை மலிவாகவும் வசதியாகவும் இருக்கும். தனியாகவோ ஜோடியாகவோ முதல்முறை போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். மலையில் உங்களுக்குத் தேவையான தகவல் எதுவும் இணையத்தில் உருப்படியாக இருக்காது. எந்தக் கடை எப்போது திறக்கும், எந்தப் பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, ஞாயிறு இரவு எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பார்க்கப் போவதே அதைத்தான். அல்புஹாராவில் கூரை தட்டையாக இருக்கும். மரத்தூலம், பெரும்பாலும் செஸ்ட்நட் மரம், அதன்மேல் கல் பலகை, அதற்கும் மேல் லவுனா என்ற சாம்பல் நிறக் களிமண். இந்த மண் நனைந்தால் இறுகித் தண்ணீரைக் கீழே விடாது. வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைகளில் பெர்பெர் என்ற பழங்குடி மக்கள் கட்டும் வீடுகளின் அமைப்பும் கிட்டத்தட்ட இதுதான். முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வேர்விட்ட கட்டட முறை இது. 1568-ல் மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக மாற்றப்பட்ட முஸ்லிம்கள், கிளர்ந்தெழுந்து, தோற்று, வெளியேற்றப்பட்ட பிறகு, வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள் அதையே தொடர்ந்தார்கள். சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால், நீங்கள் காபி குடிக்க உட்காரும் மாடிக்குக் கீழே அடுத்த வீட்டின் கூரையும், தொப்பி போட்டது போன்ற உருண்டைப் புகைபோக்கியும் இருக்கும். சில இடங்களில் தெருவின் குறுக்கே பாலம் மாதிரி ஓர் அறையைக் கட்டியிருப்பார்கள். நாம் அதற்கு அடியில் நடந்து போக வேண்டும்.

அழகுக்கு விலையும் உண்டு. சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிமன், ஜன்னல் சின்னது. கோடையில் உள்ளே குளுகுளு என்று இருக்கும், நவம்பருக்குப் பிறகு அதுவே எலும்பைக் குத்தும். அதனால் குளிர்காலத்தில் போவதென்றால் அறைக்குள் வெப்பம் எப்படி வருகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். விறகு அடுப்பு மட்டும் என்றால் எத்தனை கூடை விறகு வாடகையில் அடக்கம் என்பதையும் கேளுங்கள். நிலைவாசல் தாழ்வு, படி செங்குத்து, பல சந்துகளில் கார் நுழையாது. முட்டி வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். சக்கரம் வைத்த பெட்டியும் வேண்டாம், முதுகுப் பைதான் சரி.

வீட்டுக்காரரோடு பேச நல்ல விஷயம் தண்ணீர். ஆசெக்கியா எனப்படும் பழைய வாய்க்கால்கள் பனி உருகும் நீரை மலையின் குறுக்கே கொண்டுவருகின்றன. அவற்றில் சில நீரை நேராக வயலுக்கு விடுவதில்லை. மேலேயே குறிப்பிட்ட சரிவுகளில் பரப்பி மண்ணுக்குள் இறங்க விடுகிறார்கள். பிறகு அது கீழே ஊற்றாக வெளிப்பட்டு வறண்ட கோடையிலும் ஓடுகிறது. நான் தங்கிய வீட்டு அம்மாவுக்குச் சின்னத் தோட்டம் இருந்தது. தன் முறை வரும் நேரத்துக்கு மண்வெட்டியோடு போய், மடையை அடைத்திருந்த கல்லையும் புல்கட்டியையும் எடுத்து, தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பினார். வரப்பில் நின்று அதைப் பார்த்த காலையை நான் எந்த அரண்மனைக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாப்பாடு. காலையில் வாட்டிய ரொட்டி, மேலே துருவிய தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு. மதிய உணவு இரண்டு மணிக்குத்தான், இரவு உணவு ஒன்பதுக்கு முன்னால் பெரும்பாலும் கிடையாது. இடையில் கடைகளும் மூடிவிடும், பிஸ்கட்டாவது பையில் வைத்திருங்கள். அல்புஹாராவின் பெயரிலேயே ஓர் உணவுத் தட்டு உண்டு: எண்ணெயில் மெதுவாக வதக்கிய உருளைக்கிழங்கு, முட்டை, ரத்த சாசேஜ், ஹாம் என்ற பன்றித் தொடை இறைச்சி. சைவர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. பலருக்கு ஹாமும் சூரை மீனும் அந்தக் கணக்கில் வராது. "சின் ஹமோன், சின் அத்தூன்" (ஹாம் இல்லாமல், சூரை மீன் இல்லாமல்) என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சூப்பிலும் பருப்பு வகைகளிலும் ஹாம் எலும்பு போட்டிருக்கலாம், அதையும் கேளுங்கள். உருளைக்கிழங்கும் முட்டையும், பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த சூப், கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் ஆகியவற்றை வைத்து நன்றாகவே சமாளிக்கலாம்.

அப்புறம் காகிதங்கள். ஸ்பெயினில் எங்கே தங்கினாலும் பாஸ்போர்ட் விவரம் கேட்பார்கள். 2024 டிசம்பரிலிருந்து வீட்டு முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றையும் பதிவுசெய்து அரசுக்கு அனுப்புவது சட்டம், பயப்படாமல் கொடுங்கள். ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும் என்பதால், நேரடியாக முன்பதிவு செய்தால் உங்கள் பெயர், தேதிகள், வீட்டின் முழு முகவரி மூன்றும் உள்ள உறுதிக் கடிதத்தை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? மே, ஜூன் அல்லது அக்டோபர். ஆகஸ்ட், ஈஸ்டர் வாரம், டிசம்பர் 6, 8 விடுமுறைகளை ஒட்டிய நாட்கள் மூன்றிலும் ஸ்பானியக் குடும்பங்களே வீடுகளை நிரப்பிவிடும். 3,479 மீட்டர் உயர முலாசென் சிகரம் ஏற ஆசை என்றால் மட்டும் கோடையில் போங்கள். அப்போது கபிலெய்ராவிலிருந்து தேசியப் பூங்காவின் சிற்றுந்து மேலே கொஞ்ச தூரம் கொண்டுபோய் விடும், இடம் முன்பே பதிவு செய்ய வேண்டும். எங்கே தங்குவது என்றால், நடக்கப் பிடித்தவர்களுக்குக் கபிலெய்ரா, அமைதி வேண்டுவோருக்குப் புபியோன். மூன்று ஊர்களையும் இணைக்கும் பழைய நடைபாதை இருக்கிறது. கபிலெய்ராவில் தொடங்கிக் கீழ்நோக்கி நடந்து, பம்பனெய்ராவில் சாப்பிட்டுவிட்டு, மாலை பஸ்ஸில் மேலே திரும்பிவிடலாம்.