பணிவதா, எதிர்ப்பதா?

கேள்வி: காவலர்கள் அத்துமீறினாலும் பணிந்துபோவதே பாதுகாப்பு என்கிறார் என் தந்தை. எதிர்த்து நிற்காததால்தான் அவர்கள் ஆட்டம் போடுகிறார்கள் என்பது என் கருத்து. எது சரி?

பதில்: எதிர்ப்பது என்றால் கை ஓங்குவது என்று நீங்கள் நினைத்தால், தந்தை சொல்வதைக் கேளுங்கள். ஒரு காவலர் தம் பதவியின் பேரில் நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் சட்டப்படி முழுவதும் சரியாக இல்லாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இல்லாதவரை, அவரைப் பலத்தால் தடுக்கும் தற்காப்பு உரிமையை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆவது பிரிவு தரவில்லை. அவரது சட்டையைப் பிடித்தால், அரசு ஊழியரைத் தாக்கியதாக உங்கள்மீதே வழக்குப் பாயும்.

ஆனால், பணிந்தால் பாதுகாப்பு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் கடந்தும் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் காவலர்கள் ஜெயராஜ் என்ற வணிகரை அழைத்துச் சென்றார்கள். மகன் பென்னிக்ஸ் தந்தையைத் தேடி நிலையத்துக்குப் போனவர். நிலையத்தில் அடிக்கப்பட்ட இருவரில், மகன் 22ஆம் தேதியும், தந்தை மறுநாளும் இறந்தார்கள். இடையில் அவர்கள் ஒரு மருத்துவரையும், ஒரு நீதித்துறை நடுவரையும் (மாஜிஸ்திரேட்), கோவில்பட்டி கிளைச் சிறையையும் கடந்து போயிருக்கிறார்கள். அந்த மூன்று இடங்களிலும் யாரும் தடுத்து நிறுத்தவில்லை என்பதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, விசாரிக்க வேறொரு நடுவரை அனுப்பியபோது, அந்த நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் அன்றாடம் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. விடிய விடிய அடித்ததையும், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததையும் சொன்னவர் அங்கேயே பணிபுரிந்த ஒரு பெண் தலைமைக் காவலர். தம் வாக்குமூலத்தில் கையெழுத்திட அஞ்சித் தயங்கியவர், பிறகு இட்டார். எதிர்ப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

நீங்களும் கைதுக்கான காரணத்தைக் கேளுங்கள், உறவினருக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள், ஒவ்வொரு காயத்தையும் மருத்துவரிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்படும்போது, அடித்தவரே பக்கத்தில் நின்றாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். வெளியில் இருக்கும் தந்தையின் வேலை, நீங்கள் நடுவர்முன் கொண்டுவரப்படுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞருடன் போய் நிற்பது. அதற்கு வசதி இல்லையென்றால், 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.