மரத்தடி நாற்றுகளை எண்ணும் மகளின் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். மருத்துவ நுழைவுத்தேர்வில் மகளுக்குப் போதிய மதிப்பெண் கிடைக்கவில்லை என்றும், இன்னோர் ஆண்டு பயிற்சிக்கு அனுப்பும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள் என்றும், அவளோ வனச் சூழலியல் படிக்கப்போவதாகச் சொல்லிவிட்டு ஒரு மரத்தடியில் முளைத்த நாற்றுகளை எண்ணிக் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் குறிப்பேட்டைப் பற்றி ஒரே வரியில், அதையும் ஒரு குறையாக நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தாய் மரத்தின் அடியிலேயே முளைக்கும் நாற்றுகள் ஏன் பெரும்பாலும் மடிகின்றன, தள்ளி முளைத்தவை ஏன் பிழைக்கின்றன என்பதுதானே அவளுடைய கேள்வி? இதே கேள்விக்கு 1970இல் டேனியல் ஜான்சென், 1971இல் ஜோசப் கானல் என்ற இரு சூழலியலாளர்கள் தனித்தனியே ஒரு விடையை முன்வைத்தார்கள். ஒரு மர இனத்தை மட்டுமே குறிவைக்கும் பூச்சிகளும் பூஞ்சைகளும் அந்த இனத் தாய் மரத்தைச் சுற்றியே பெருகுவதால் அதன் சொந்த நாற்றுகள் அங்கே அழிகின்றன. அந்த இடம் வேறு இனத்துக்குக் கிடைக்கிறது. வெப்பமண்டலக் காட்டில் நூற்றுக்கணக்கான மர இனங்கள் அருகருகே வாழ முடிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார்கள். அந்தக் கருத்தை ஆய்வாளர்கள் இன்றும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உங்கள் மகள் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். ஒரு மாணவரின் இயல்பான நாட்டத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

மருத்துவம் உயர்ந்த தொழில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விருப்பமில்லாத பெண்ணை அதற்குள் தள்ளுவதைத்தான் எதிர்க்கிறேன். 'முதலில் மருத்துவம் முடிக்கட்டும், காட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நீங்கள் எழுதியிருக்கும் சமரசம் நடைமுறைக்கு உதவாது. களத்தில் நின்று மரங்களை அறிந்துகொள்ள வேண்டிய இருபது வயதுகள் முழுவதும் வேறொரு படிப்பில் கழிந்துவிடும். வற்புறுத்தும் உறவினர்களில் எவரும் அந்த ஆண்டுகளை அவளுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

வனத்துறை அதிகாரி, பேராசிரியர் ஆகிய பணிகளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அவற்றை இங்கே நான் விரித்துரைக்கவில்லை. காட்டு மரங்களை ஆண்டுக்கணக்கில் அளந்து பதியும், பெரும்பாலான பெற்றோர் கேள்விப்பட்டிராத ஒரு வேலையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு செ.மீ. தடிமனுக்குக் குறையாத ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, அதன் இடத்தை வரைபடத்தில் குறிக்கும் பணியை 1980களின் தொடக்கத்தில் சூழலியலாளர்கள் ஸ்டீபன் ஹப்பலும் ராபின் ஃபாஸ்டரும் தொடங்கினார்கள். சுமார் 300 இனங்களைச் சேர்ந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அதில் அடங்கும். அதே முறையைப் பின்பற்றி மலேசியாவின் பாசோ, இந்தியாவின் முதுமலை, இலங்கையின் சிங்கராஜா எனப் பல நாடுகளில் நிரந்தர ஆய்வுப் பரப்புகள் உருவாயின. இவற்றில் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மரத்தையும் மீண்டும் தேடிப்பிடித்து அளக்கிறார்கள். எது வளர்ந்தது, எது இறந்தது, எது புதிதாக வந்தது என்று பதிகிறார்கள். காடு எவ்வளவு கார்பனைச் சேமிக்கிறது, வறட்சியில் எந்த இனம் முதலில் சாகிறது என்பவை போன்ற கேள்விகளுக்கு இத்தகைய பதிவுகளே அடித்தளம்.

இந்தப் பணிக்கு வேண்டிய திறமை இரண்டு வகைப்படும். பூவோ காயோ இல்லாத நிலையிலும் மரத்தை அடையாளம் காண்பது முதலாவது. எதிரெதிராக அமைந்த இலைகளும் அவற்றின் காம்புகளுக்கு இடையே சிறு செதிலும் இருந்தால் காப்பிச் செடியின் குடும்பமா என்று பார்க்க வேண்டும்; கிள்ளினால் வெண்பால் வடிந்தால் சப்போட்டா, அத்தி முதலியவற்றின் குடும்பங்களை நினைக்க வேண்டும்; கசக்கிய இலையில் நறுமணம் எழுந்தால் இலவங்கப்பட்டையின் உறவாக இருக்கலாம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றுவதும், பலகை வேர்கள் இருந்தால் அவற்றுக்கு மேலே அளப்பதும், அளந்த இடத்தில் வண்ணக் கோடிடுவதும் எளிய செயல்களாகத் தோன்றும். ஆனால் சில மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால் வளராத மரம் வளர்ந்ததாகிவிடும் என்பதால் இங்கே கவனமே தொழில்நுட்பம். இரண்டாவது திறமை புள்ளியியல். அந்த லட்சக்கணக்கான வரிகளைக் கணினியில் ஒழுங்குபடுத்திப் பொருள் காணத் தெரிந்தவர்கள் குறைவு. தாவரங்களை அடையாளம் காணவும் தெரிந்து, புள்ளியியலும் அறிந்தவர்கள் இன்னும் குறைவு. ஆகவே தாவரவியலில் இளநிலைப் பட்டமும், அதனுடன் முறையான புள்ளியியல் பாடங்களும் அவளுக்குப் போதுமான தொடக்கம். பட்டம் பெற்றதும் களத் திட்டம் ஒன்றில் ஊதியத்துடன் உதவியாளராகச் சேரலாம். காட்டு மீட்புப் பணிகள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, தாவரவியல் பூங்காக்கள் ஆகியவற்றுக்கும் இதே திறமைகள் தேவைப்படுகின்றன.

குறைகளையும் மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் வேலைகள் பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தங்களாகவே இருக்கும். ஊதியம் மருத்துவரின் வருமானத்துக்கு ஈடாகாது. அட்டை, உண்ணி, மழை, தனிமை ஆகியவற்றோடு மாதக்கணக்கில் வாழ வேண்டியிருக்கும். மூன்று வாரமாவது களத்தில் தங்கிப் பார்த்த பின்னரே அவள் இறுதி முடிவெடுக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வனவிலங்குப் பாதுகாப்பு என்ற கவர்ச்சியான பெயரில் பெருங்கட்டணம் கேட்கும் முதுநிலைப் படிப்புக்காகக் கடன் வாங்காதீர்கள். இந்தத் துறையின் தொடக்க ஊதியத்தில் அந்தக் கடனை அடைப்பது மிகக் கடினம். பணம் கட்டித் தன்னார்வலராகச் செல்லும் பயணங்களும் வேண்டாம்; அவை பெரும்பாலும் சுற்றுலாவே. முனைவர் பட்ட ஆய்வை உதவித்தொகை இல்லாமல் தொடங்கவே கூடாது.

பயிற்சி நிலையத்துக்கு இந்த வாரம் கட்டவிருப்பதாக எழுதியிருந்த முன்பணத்தை நிறுத்திவையுங்கள். அதற்குப் பதிலாக ஓர் அளவுநாடா வாங்கிக்கொடுங்கள். ஒவ்வொரு நாற்றுக்கும் ஓர் எண், தாய் மரத்திலிருந்து உள்ள தொலைவு, உயரம், இலைகளின் எண்ணிக்கை, அளந்த தேதி ஆகியவற்றைப் பதிந்து, மாதம் ஒருமுறை அதே நாற்றுகளை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். இறந்தவற்றின் எண்களை அவள் அழித்துவிடக் கூடாது. ஆறு மாதப் பதிவுகளோடு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். எந்தக் கல்லூரி என்பதை அவற்றைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.