பாதியில் நின்ற பதிவு

கேள்வி: கூத்தில் துரியோதனன் வேடம் கட்டிய அப்பாவின் குரலைக் கேசட்டிலிருந்து எம்பி3 ஆக்கி வைத்திருந்தோம். பென் டிரைவில் ஏற்றும்போது கரண்ட் போய்விட்டது, கம்ப்யூட்டரும் பழுதாகிவிட்டது. பென் டிரைவில் ஏறிய பாதி மட்டும் நன்றாகப் பாடுகிறது. போன மாதம் அம்மா பாடியதைச் செல்போனில் பதியும்போது சார்ஜ் தீர்ந்துவிட்டது. அந்த எம்4ஏ கோப்பு திறக்கவே இல்லை. ஏன் இப்படி?
– வாசகர், பென்னாகரம்

பதில்: எம்பி3 என்பது சாமந்திச் சரம் மாதிரி. எங்கே அறுத்தாலும் மீதிப் பூ பூதான். அந்தப் பூவைத்தான் ஃபிரேம் என்கிறோம். ஒரு செகண்டுக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அடுத்தடுத்து அளந்த அளவுகள்) எடுத்த ஒலியில் ஒரு ஃபிரேமுக்கு 1,152 மாதிரிகள், அதாவது சுமார் 26 மில்லி செகண்ட். ஒவ்வொன்றின் தலையிலும் 4 பைட் தலைப்பு இருக்கும். அதன் முதல் 11 பிட்டும் 1. பிளேயர் அந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்தே பாடத் தொடங்கிவிடும். அப்பாவின் பாதி பிழைத்தது இதனால்தான்.

ஒரு விஷயம். அமைதியான ஃபிரேமில் மிச்சமாகும் இடத்தில், அடுத்து வரும் இரைச்சலான ஃபிரேமின் தகவலை முன்கூட்டியே வைத்துவிடுவார்கள். அதனால் நடுவில் வெட்டினால் முதல் ஃபிரேம் முழுதாகக் கிடைக்காமல் போகலாம். தருமபுரியில் நான் பதிவுக்கடை வைத்திருந்தபோது, ஒரு கூத்துப் பதிவை முகவீணை எடுக்கும் இடத்திலேயே வெட்டி, அந்த முதல் வாசிப்பின் எடுப்பைக் கெடுத்துவிட்டேன். இன்றும் மனசு உறுத்துகிறது. நீங்கள் வெட்டுவதானால் அரை செகண்ட் முன்னால் வெட்டுங்கள்.

எம்4ஏ கதை வேறு. அதில் வழக்கமாக இருக்கும், ஏஏசி என்ற முறையில் சுருக்கிய ஒலியும் 1,024 மாதிரிகள் கொண்ட ஃபிரேம்கள்தான், ஆனால் தனித்தனித் தலைப்பு கிடையாது. எது எங்கே, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். நிறைய செல்போன்கள் அதை ஸ்டாப் அழுத்திய பிறகுதான் எழுதும். சார்ஜ் தீர்ந்ததால் அது எழுதப்படாமலே போயிருக்கும்.

கோப்பின் அளவு பூஜ்ஜியம் இல்லையென்றால் அம்மாவின் குரல் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். முதலில் ஒரு நகல் எடுங்கள். அப்புறம் அதே போனில், அதே ஆப்பில் ஒரு நிமிடம் எதையாவது பதிந்து, ஒழுங்காக நிறுத்திச் சேமியுங்கள். அந்த நல்ல கோப்பை மாதிரியாகக் காட்டினால் அட்டவணையைத் திரும்பக் கட்டித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன.

அப்பாவின் மீதிப் பாதிக்கு, அந்தக் கேசட் வீட்டில் இருக்கிறதா என்று பரணில் தேடுங்கள். கிடைத்தால் உடனே போட்டுவிடாமல், ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் போடுங்கள்.