உங்களுக்கு மிகவும் பிடித்த அமெரிக்க நடிகை யார், ஏன்?

லூசில் பால். 1911-ல் பிறந்து 1989-ல் மறைந்தவர். 'ஐ லவ் லூசி' என்ற பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சித் தொடரின் நாயகி என்றால் சிலருக்கு நினைவு வரலாம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் போனில் சத்தத்தை நிறுத்திவிட்டு அவருடைய காட்சி ஒன்றைப் பார்த்தேன். சாக்லேட் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள். ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும். பட்டை வேகமெடுக்கிறது. சுற்ற முடியாததை வாயில் அடைக்கிறார்கள், தொப்பிக்குள் ஒளிக்கிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள். மேற்பார்வை பார்க்கும் பெண்மணி வந்து, வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நம்பி, வேகத்தை இன்னும் கூட்டச் சொல்கிறார்! ஒரு வார்த்தை காதில் விழாமலே எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 1952-ல் ஒளிபரப்பான காட்சி அது. அப்போது அவருக்கு வயது 41. இத்தனை வயதுக்குப் பிறகா இவர் புகழ் பெற்றார் என்ற வியப்பில்தான் அவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊர். தொலைபேசிக் கம்பி வேலை பார்த்த அப்பா, இவருக்கு மூன்று வயதாக இருந்தபோதே டைபாய்டில் இறந்துவிட்டார். பதினைந்து வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளியில் சேர்ந்தார். இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் மாடலிங். 1933-ல் கூட்டத்தோடு ஆடும் பெண்களில் ஒருவராக ஹாலிவுட்டுக்குப் போனார். ஆர்.கே.ஓ., எம்.ஜி.எம். என்று ஸ்டுடியோ மாறினாரே தவிர, முதல் வரிசைக்கு வரவே இல்லை. சின்னப் பட்ஜெட் படங்களின் ராணி என்ற பெயர்தான் மிஞ்சியது.

1940-ல் டெசி ஆர்னாஸைக் கல்யாணம் செய்துகொண்டார். கியூபாவில் பிறந்தவர், இசைக்குழு நடத்தியவர், இவரைவிட ஆறு வயது இளையவர். அவர் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போவார், இவர் ஸ்டுடியோவில் இருப்பார். சேர்ந்து இருந்த நாட்கள் குறைவு. மனக்கசப்பும் சண்டையும் வளர்ந்தன.

அந்த நேரத்தில்தான் சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் லூசில் நடித்த நகைச்சுவைத் தொடர் ஒன்று நன்றாக ஓடியது. அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரலாம் என்று கேட்டார்கள். சரி, ஆனால் கணவர் வேடத்தில் என் சொந்தக் கணவர்தான் நடிக்க வேண்டும் என்றார் லூசில். ஸ்பானிய வாடையோடு ஆங்கிலம் பேசும் கியூபாக்காரரை அமெரிக்கப் பெண்ணின் புருஷனாக மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று சி.பி.எஸ். தயங்கியது. இருவரும் வாதம் செய்துகொண்டு உட்காரவில்லை. 1950-ல் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயாரித்து ஊர் ஊராக நடத்திக் காட்டினார்கள். மக்கள் ரசித்தார்கள், சி.பி.எஸ். இறங்கி வந்தது.

அடுத்த சிக்கல் இடம். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். மேற்குக் கரைக்குப் போனது, தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து எடுத்த மங்கலான பிரதி. இவர்களுக்கோ கலிபோர்னியாவில் தங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். அதனால் பார்வையாளர்களை எதிரில் உட்காரவைத்து, மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, சினிமா பிலிமிலேயே எடுப்பது என்று முடிவானது. ஒளிப்பதிவுக்கு ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்தில் வேலை செய்த கார்ல் ஃப்ராய்ண்ட் வந்தார். செலவு கூடியதால் இருவரும் வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு அந்தப் பிலிம்களின் உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். ஒளிபரப்பி முடிந்த நிகழ்ச்சிக்கு அன்று பெரிய மதிப்பு கிடையாது. மறு ஒளிபரப்பு என்ற வியாபாரம் வளர்ந்தபோதுதான் அவர்கள் கையில் இருந்தது என்ன என்று எல்லோருக்கும் புரிந்தது.

1951 அக்டோபர் 15-ல் தொடர் ஆரம்பமானது. மகள் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மறுவருடம் மீண்டும் கர்ப்பம். அதை மறைக்காமல் கதையிலேயே சேர்த்தார்கள். ஆனால் கர்ப்பம் என்ற சொல்லை மட்டும் நிகழ்ச்சியில் சொல்லக் கூடாதாம்! 1953 ஜனவரி 19 காலையில் அவருக்கு நிஜமாகவே மகன் பிறந்தான். அன்று இரவே கதையில் லூசிக்கும் மகன் பிறந்தான். சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

1957-ல் டெசிலு ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவையே வாங்கியது. ஒரு காலத்தில் லூசில் சம்பளத்துக்கு வேலை பார்த்த அதே இடம். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் எதைக் காப்பாற்ற இவ்வளவும் தொடங்கியதோ, அந்தக் கல்யாணம் தங்கவில்லை. டெசியின் குடி, வேறு பெண்களின் சகவாசம். 1960 மார்ச்சில், இருவரும் சேர்ந்து நடித்த கடைசி நிகழ்ச்சியின் படப்பிடிப்பு முடிந்த மறுநாள் லூசில் விவாகரத்துக்கு மனு போட்டார். 1962-ல் டெசியின் பங்கை வாங்கி, ஸ்டுடியோவுக்குத் தானே தலைவரானார். 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரின் செலவைப் பார்த்து அவருடைய நிர்வாகிகளே பயந்தபோது, எடுக்கலாம் என்று துணிந்தவர் அவர்தான். 1967-ல் டெசிலுவை 1.7 கோடி டாலருக்கு விற்றார்.

1986-ல், 75 வயதில், புதுத் தொடர் ஒன்றில் நடித்தார். எட்டு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்த டிசம்பர் 2-ல் டெசி இறந்தார். ஐந்து நாள் கழித்து வாஷிங்டனில் லூசிலுக்குக் கென்னடி மையத்தின் கௌரவ விருது. அந்த மேடையில் படிப்பதற்காக டெசி முன்கூட்டியே ஒரு செய்தி எழுதிவைத்திருந்தார். 'ஐ லவ் லூசி' என்பது ஒருபோதும் வெறும் தலைப்பாக இருந்ததில்லை என்று அதில் எழுதியிருந்தார். மாடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்ட லூசில் கண்ணீரை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.