மைனஸ் பதினேழு வந்தால்

அன்புள்ள ஐயா,

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டருக்கு இன்னும் 12 நாள். கிரிப்டோகிராஃபி, சைபர் செக்யூரிட்டி தாள்தான் பயமுறுத்துகிறது. சீனியர் கொடுத்த நோட்ஸை மனப்பாடம் செய்கிறேன். ஆனால் ஆர்எஸ்ஏ கணக்கில் எண்ணை மாற்றினால் கை நின்றுவிடுகிறது. எப்படிப் படிப்பது?

ஒரு மாணவர், சேலம்

அன்புள்ள தம்பி,

கை எந்த வரியில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இந்தப் பாடம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், அநேகமாக ரகசியச் சாவி கண்டுபிடிக்கிற இடமாகத்தான் இருக்கும். ஆர்எஸ்ஏ என்பது செய்தியைப் பொதுச் சாவியால் பூட்டி, ரகசியச் சாவியால் திறக்கிற முறைதானே. ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

பகா எண்கள் 5, 11. பெருக்கினால் 55. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் 4 × 10 = 40, இதற்குத்தான் ஃபை என்று பெயர். பொதுச் சாவி 7. இப்போது 7-ஐ எதால் பெருக்கி 40-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? வகுத்து மீதி எடுத்துக்கொண்டே போகிற யூக்ளிட் முறையில் போனால் −17 வந்து நிற்கும். நோட்ஸில் பார்த்த கணக்கில் மைனஸ் வந்திருக்காது, அதனால் பதற்றம். 40-ஐக் கூட்டுங்கள், 23. இதுதான் ரகசியச் சாவி. 7 × 23 = 161, மீதி 1. சரி. இந்த இடத்தில் 55-ஐக் கூட்டி 38 என்று எழுதிய விடைத்தாள்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். 55 ஊருக்கே தெரிந்த எண், 40 சாவிக்காரருக்கு மட்டும் தெரிந்தது, 55-ஐக் காரணிப்படுத்தினால்தான் 40 கிடைக்கும். இது மனதில் பதிந்திருந்தால் இரண்டும் குழம்பாது. நிஜத்தில் அந்தப் பெரிய எண் 2048 பிட் இருக்கும், அதை உடைக்க முடியாததுதான் இந்த முறைக்கே காவல்.

இப்போது 2-ஐப் பூட்டுவோம். 2-ன் ஏழாம் அடுக்கு 128, 55-ஆல் வகுத்தால் மீதி 18. இந்த 18-ஐ 23-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மறுபடி 2 வருகிறதா என்று நீங்களே பாருங்கள். வர்க்கம், அதன் வர்க்கம் என்று ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் போதும். தினம் இரண்டு கணக்கு, எண்களை நீங்களே வைத்துப் போடுங்கள். பொதுச் சாவிக்கும் ஃபைக்கும் பொதுக் காரணி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து டிஇஎஸ், ஒரே சாவியால் பூட்டித் திறக்கிற பழைய முறை. அதன் படத்தில் 16 சுற்றையும் உருப்போட வேண்டாம். ஒரு சுற்றைப் பார்க்காமல் வரைய வந்தால் மற்றதும் அதேதான். 56 பிட் சாவி ஏன் போதாது என்று கேட்டால், 1998-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு கட்டிய இயந்திரம் 56 மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்ததை எழுதுங்கள்.

அப்புறம், பழைய நோட்ஸில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு (இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கியது) இருந்தால் அடித்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2015-இலேயே அதை ரத்து செய்துவிட்டது. அடையாளத் திருட்டுக்கு 66சி, ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி.

திரும்பவும் எங்காவது கை நின்றால், நின்ற வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள்.