சேலைப் படங்களை எங்கே வைப்பது, எப்படி அனுப்புவது?

கேள்வி: இளம்பிள்ளையில் சேலை மொத்த வியாபாரம் செய்கிறோம். கடைக்காரர்கள் ஆர்டர் போடுவதற்காக பிஎச்பி, மைஎஸ்கியூஎல் கொண்டு ஒரு வலைச்செயலி ஓடுகிறது. சுமார் 6,000 படங்கள், எல்லாமே டேட்டாபேஸுக்குள். பேக்கப் 18 ஜிபியைத் தாண்டிவிட்டது. மாலையில் பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது. சில சிறு படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை விழுகிறது. ஐபோனில் எடுத்த அரக்குச் சேலைகள் தளத்தில் மங்கிப்போய்த் தெரிகின்றன. படங்களை எங்கே, எப்படி வைக்க வேண்டும்?

பதில்: சாம்பல் பட்டையிலிருந்தே தொடங்கலாம். சிறு படத்துக்கான ஃபீல்டு வெறும் பிளாப் (படம் போன்றவற்றின் பைட்டுகளை அப்படியே வைக்கும்) வகையாக இருக்கும். அதில் 65,535 பைட்டுக்கு மேல் கொள்ளாது. பொருந்தாத தரவை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடு அணைந்திருந்தால், மிச்சத்தை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு மைஎஸ்கியூஎல் சேமித்துவிடும். உங்கள் செயலி அந்த எச்சரிக்கையைப் படிப்பதில்லை. சாதாரண ஜேபெக் மேலிருந்து கீழாக விரிவதால், வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே சாம்பல். பட்டை விழுந்த சேலைகளை வரிசையாகத் திறந்து பாருங்கள்: நெருக்கமான கட்டமோ, உடல் முழுக்கப் புட்டாவோ இருக்கும். நுணுக்கம் கூடினால் ஜேபெக்கின் எடையும் கூடும். பிளெயின் உடல் சேலைகள் 64 கேபிக்குள் அடங்கித் தப்பித்திருக்கும். ஃபீல்டை மீடியம்பிளாப் ஆக்கினால் இனிமேல் வெட்டாது. ஏற்கெனவே வெட்டுப்பட்டவை திரும்பி வராது. பெரிய படத்திலிருந்து புதிதாக எடுக்க வேண்டும்.

அந்த மாற்றத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் அளவுப் படங்களுக்கு டேட்டாபேஸ் இடமே அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிஎச்பி புராசஸ் எழுந்து, டேட்டாபேஸில் கேட்டு, 3 எம்பியை மெமரிக்குள் இழுத்து, பிறகுதான் வெளியே தள்ளுகிறது. அந்தப் படங்கள் மைஎஸ்கியூஎல் மெமரியில் வைத்திருக்கும் பஃபர் பூலில் உட்கார்ந்துகொண்டு ஆர்டர், ஸ்டாக் டேபிள்களின் பக்கங்களை வெளியேற்றுகின்றன. எங்கேயோ எல்லா ஃபீல்டையும் கேட்கும் ஒரு செலக்ட் ஸ்டார் இருந்தால் விலை கேட்டாலும் படமும் சேர்ந்தே வரும். 2006-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எஸ்கியூஎல் சர்வரில் அளந்து பார்த்தபோது, 256 கேபிக்குக் குறைந்தவற்றுக்கு டேட்டாபேஸும் 1 எம்பிக்கு மேற்பட்டவற்றுக்கு ஃபைல் சிஸ்டமும் நன்றாகச் செயல்பட்டன. 3 எம்பி போன் படம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

டேட்டாபேஸில் படத்தைப் பற்றிய விவரம் மட்டும் இருக்கட்டும்: எந்தச் சேலை, முந்தியா பார்டரா உடலா, அகலம், உயரம், எத்தனை பைட், எஸ்எச்ஏ-256 கைரேகை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்), சேமிப்புச் சாவி. சாவி என்பது முழு முகவரி அல்ல. 39/71 என்று தொடங்கும் பாதை மட்டும். கைரேகையின் முதல் இரண்டு எழுத்து ஒரு ஃபோல்டர், அடுத்த இரண்டு உள் ஃபோல்டர். முன்னால் ஒட்ட வேண்டிய டொமைன் கான்ஃபிக்கில் ஒரே வரியில் இருந்தால், நாளை இடம் மாறும்போது 6,000 வரிகளைத் திருத்த வேண்டியதில்லை.

ஒரே சர்வர், 18 ஜிபி என்றால் அந்த சர்வரின் டிஸ்க்கே போதும். இரண்டாவது சர்வர் சேரும்போது அமேசானின் எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்குப் போகலாம். அப்போது மும்பை ரீஜனைத் தேர்ந்தெடுங்கள். கவனிக்காமல் விட்டால் அமெரிக்காவில் போய் உட்காரும்.

இப்போது அரக்கு நிறம். சேலை வியாபாரத்தில் இதுதான் பணம், ஆகவே விரிவாகவே சொல்கிறோம். ஐபோன் 7 முதல் ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் படம் எடுக்கின்றன. எந்த நிறவெளி என்ற குறிப்பு ஐசிசி புரொஃபைலாக ஃபைலுக்குள்ளேயே இருக்கும். பிஎச்பியின் ஜிடி லைப்ரரி அந்தப் புரொஃபைலைப் பார்ப்பதில்லை. எண்களை அப்படியே எழுதி, புரொஃபைலைக் கழற்றிவிடுகிறது. பிரவுசர் அதை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான, குறுகிய நிறவெளியாக எடுத்துக்கொள்வதால் அரக்கு, மெஜந்தா, கிளிப்பச்சை எல்லாம் சாயம் போனதுபோல் தெரியும். உங்கள் செயலியும் ஜிடியில்தான் படத்தைச் சுருக்குகிறது என்று நினைக்கிறோம். புரொஃபைலைப் படிக்கத் தெரிந்த இமேஜிக் அல்லது லிப்விப்ஸ் லைப்ரரிக்கு மாறுங்கள். வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும்: எக்ஸிஃபில் (கேமரா ஃபைலுக்குள் எழுதிவைக்கும் விவரம்) உள்ள திசைக்குறிப்பின்படி படத்தைத் திருப்புவது, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுவது, அளவைக் குறைப்பது, கடைசியில் எக்ஸிஃபை நீக்குவது. எக்ஸிஃபை முதலில் நீக்கினால் சேலை படுத்துக்கிடக்கும். நீக்காமலே விட்டால், போனில் லொகேஷன் திறந்திருக்கும்பட்சத்தில் உங்கள் குடோனின் ஜிபிஎஸ் இடமும் படத்தோடு போகும். அரக்கும் பச்சையும் உள்ள ஒரு சேலையை எடுத்து, பழைய முறையிலும் புதிய முறையிலும் சுருக்கி, ஒரே போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மஞ்சள் பல்பும் வாசல் வெளிச்சமும் கலந்து விழும் இடத்தில் எடுத்த படத்தை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. ஒரே வெளிச்சத்தில் எடுங்கள்.

ஒரு படத்துக்கு மூன்று அளவு போதும். பட்டியலுக்கு 480 பிக்சல் அகலம், சேலைப் பக்கத்துக்கு 960, ஜூம் பார்க்க 2000. முதல் இரண்டும் வெப்பி என்ற பட வடிவம், தரம் 75 முதல் 80 வரை. ஜூம் படத்துக்கு மட்டும் வெப்பி வேண்டாம். இழப்புள்ள வெப்பி நிறத் தகவலை எப்போதும் 4:2:0 முறையில்தான் வைக்கும். அதாவது நீளத்திலும் அகலத்திலும் நிறம் பாதியாகக் குறையும். சிவப்புப் பார்டரில் ஓடும் மெல்லிய ஜரிகைக் கோடு அங்கேதான் கரைந்து பிசிறும். ஜூமுக்கு ஜேபெக், தரம் 85, நிற மாதிரியாக்கம் 4:4:4 (நிறத்தைக் குறைக்காத முறை) என்று வையுங்கள். ஃபைல் பெரிதாகும், ஆனால் அதைக் கேட்பவர் இழையைப் பார்க்கத்தான் கேட்கிறார்.

கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தை மட்டும் தொடாமல், வெளியிலிருந்து எட்ட முடியாத ஃபோல்டரில் வையுங்கள். புது அளவோ புது வடிவமோ தேவைப்பட்டால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பட்டியலில் 30 சேலை, ஒவ்வொன்றும் 3 எம்பி என்றால் ஒரு பக்கம் 90 எம்பி. 480 பிக்சல் வெப்பி 40 கேபி என்று வைத்தால் 1.2 எம்பி. ஏற்காட்டில் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் இடத்திலிருந்து ஆர்டர் போடும் கடைக்காரருக்கு இந்த வித்தியாசம்தான் உங்கள் கடை திறந்திருப்பதும் மூடியிருப்பதும். இமேஜ் டேகில் அகலம், உயரம் இரண்டையும் எழுதுங்கள். இல்லையென்றால் படம் வர வர பக்கம் குதித்து, விரல் வேறு சேலையில் படும். லேசி லோடிங்கை (திரையை நெருங்கும்போதுதான் படத்தை இறக்குவது) கீழே உள்ள படங்களுக்கு மட்டும் கொடுங்கள். திறந்ததும் கண்ணில் படும் முதல் வரிசைக்கும் கொடுத்தால் பக்கம் இன்னும் தாமதமாகத்தான் தெரியும்.

அனுப்பும் வேலையை பிஎச்பியிடமிருந்து எடுத்து என்ஜின்எக்ஸ் வெப்சர்வரிடம் கொடுங்கள். சுருக்கிய ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் சொந்தக் கைரேகையே பெயராக இருந்தால், ஒரே பெயருக்கு உள்ளடக்கம் எப்போதும் மாறாது. ஆகவே கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் பப்ளிக், மேக்ஸ்-ஏஜ் 31536000, இம்மியூட்டபிள் என்று தைரியமாகக் கொடுக்கலாம். ஓராண்டுக்கு அதே போன் அதே படத்தைத் திரும்பக் கேட்காது. படத்தை மாற்றினால் பெயரும் மாறும், பழைய படம் ஒட்டிக்கொண்டிருக்கும் தொல்லை இல்லை. புது டிசைன்களைப் பதிவு செய்த கடைக்காரர் மட்டுமே பார்க்க வேண்டுமென்றால், அந்த ஃபோல்டரை என்ஜின்எக்ஸில் இன்டர்னல் என்று அடைத்துவிடுங்கள். பிஎச்பி அனுமதியை மட்டும் சரிபார்த்து எக்ஸ்-ஆக்சல்-ரீடைரக்ட் ஹெடரைத் தரட்டும், படத்தை என்ஜின்எக்ஸ் அனுப்பும். இந்தப் படங்களுக்குக் கேஷில் பப்ளிக் கூடாது, பிரைவேட்.

அப்லோடில் கவனம் வேண்டியவை சில. ஃபைல் பெயரையும் எக்ஸ்டென்ஷனையும் நம்பாதீர்கள். உள்ளே உள்ள முதல் பைட்டுகளைப் பார்த்து, பிறகு படத்தைத் திறந்து மறுபடி எழுதுங்கள். எஸ்விஜியை ஏற்காதீர்கள், அதற்குள் ஸ்கிரிப்ட் ஒளியும். அப்லோட் ஃபோல்டரில் பிஎச்பி ஓடவே கூடாது. என்ஜின்எக்ஸ் இயல்பில் 1 எம்பிக்கு மேல் வந்தால் 413 பிழை காட்டும்; பிஎச்பியின் இயல்பு எல்லை ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த போஸ்டுக்கு 8 எம்பி. மூன்றையும் சேர்த்தே உயர்த்துங்கள். 4000 × 3000 படம் ஃபைலாக 3 எம்பிதான், ஆனால் பிரித்து மெமரியில் வைத்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. ஜிடியில் மூன்று நகல் சேர்ந்தால் பிஎச்பியின் 128 எம்பி வரம்பு உடையும். சுருக்கும் வேலையைப் பின்னணி கியூவில் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

ஏற்கெனவே உள்ள 6,000 படங்களை மாற்ற, ஐடி வரிசையில் 100, 100 ஆக எடுங்கள். ஃபைலை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் கைரேகை ஒத்துப்போன பிறகே சாவியை டேட்டாபேஸில் பதியுங்கள். சாவி இருந்தால் ஃபைல், இல்லையென்றால் பழைய பிளாப் என்று செயலி இரண்டையும் காட்டட்டும். கடையை மூடாமலே வேலை முடியும். புதுப் படம் சேர்க்கும்போது முதலில் ஃபைல், பிறகு டேட்டாபேஸ் வரி. நீக்கும்போது முதலில் வரி, பிறகு ஃபைல். நடுவில் மின்சாரம் போனாலும் அனாதை ஃபைல் ஒன்று மிஞ்சுமே தவிர, உடைந்த படம் தெரியாது. பேக்கப் இனி இரண்டாகப் பிரியும்: டேட்டாபேஸுக்குச் சிறிய டம்ப், படங்களுக்கு மாறிய ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க். முதலில் டம்ப், அதன்பின் ஆர்சிங்க் என்று ஓட்டினால் டம்பில் உள்ள ஒவ்வொரு சாவிக்கும் ஃபைல் இருக்கும். நீக்கிய ஃபைல்களை மட்டும் சில நாள் கழித்து அழியுங்கள்.

சில வாரம் சிக்கலில்லாமல் ஓடிய பிறகு பிளாப் ஃபீல்டுகளை நீக்கலாம். மைஎஸ்கியூஎல் 8.0.29 முதல் அந்த நீக்கம் நொடியில் முடியும், ஆனால் டிஸ்கில் 18 ஜிபி அப்படியே இருக்கும். இடம் திரும்ப வேண்டுமென்றால் ஆப்டிமைஸ் டேபிள் ஓட்ட வேண்டும். அது டேபிளைப் புதிதாக எழுதுவதால் அதற்கு டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஆர்டர் வராத பின்னிரவில் ஓட்டுங்கள்.